போர்மேன் யாரு?

சிவகாசியில் 'மேட்ச்' என்றால் தீப்பெட்டி. "மேட்ச் எப்படிப் போகுது?" என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். குச்சி விலை, மெழுகு விலை, லைட்டர் வந்து தொழிலைக் கெடுத்த கதை என்று ஆரம்பித்துவிடுவார். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொள்ளப் போன ஊர் கல்கத்தா. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் இருக்கிற ஊர். வரும்போது கையோடு ஒரு ஃபுட்பாலும் வாங்கி வந்திருக்கலாம். என்ன செய்ய, இந்தப் பக்கம் பூராவும் கிரிக்கெட்தான்.

ஆனாலும் நாலு பேர் இருக்கத்தான் செய்கிறார்கள். 2025 ஜூலை கடைசியில் விருதுநகரில் ஒரு புரோட்டா கடை. எண்ணெயில் முறுகலாகப் பொரிந்த புரோட்டாவைப் பிய்த்துப்போட்டு சால்னாவுக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்து டேபிளில் சண்டை.

"கோய்ல் போறாராம்டா. கன்ஃபர்ம்."

"எவன் சொன்னான்?"

மூன்று பேர். ஒருவர் சிவகாசி ஆஃப்செட் பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுபவர். ஒருவர் பருப்புக் கடையில் கணக்கு எழுதுபவர். மூன்றாமவர் கல்லூரி மாணவர். மூவரும் சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள். ஐநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற கிளப். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் பார்த்துவிடுகிறார்கள். மிச்சமெல்லாம் செல்போனில்தான்.

தமிழில் வதந்திக்கென்றே ஒரு விகுதி இருக்கிறது: 'ஆம்'. போறாராம், வர்றாராம், பேசி முடிச்சாச்சாம். விருதுநகர் மார்க்கெட்டே இந்த 'ஆம்'மில்தான் ஓடுகிறது. பேப்பரில் தினமும் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' போடுகிறார்களே, அந்தத் துவரம்பருப்பு விலைக்குப் பின்னால் எத்தனை 'வரத்து குறைஞ்சிருக்காம்', எத்தனை 'கப்பல் வந்துருச்சாம்'! அதனால்தானோ என்னவோ, பருப்புக் கடைக்காரர் கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது.

"சொன்னவனுக்கு இதுல என்ன லாபம்? ஏஜென்ட் கிளப்பி விட்டதா இருந்தா? சரக்கு விக்கணும்னா முதல்ல ஏலத்துல பேரு வரணும்ல?"

பத்திரிகை வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதல் வாரம் சொல்லித்தருகிற பாடம் இது.

பிறகு வரலாறு வந்தது. 2015-ல் மேட்டராசி கோச். ஆமாம், 2006 உலகக்கோப்பையில் ஜிடேனிடம் நெஞ்சில் முட்டு வாங்கினாரே, அவரேதான். சென்னை வெள்ளத்தால் சொந்த ஊர் அரையிறுதியை புனேயில் ஆடி, கோவாவில் நடந்த ஃபைனலில் கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் விழுந்து 3-2 என்று கோப்பை. 2018-ல் ஜான் கிரிகரி. பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே அதே 3-2. அடுத்த சீசனில் அதே கிரிகரி, அதே டீம், கடைசி இடம்! 2019 நவம்பரில் அவர் விலக, டிசம்பரில் வந்தவர்தான் ஓவன் கோய்ல். அடியில் கிடந்த டீமை 2020 மார்ச்சில் ஃபைனல் வரை இழுத்துக்கொண்டு போனார். கொரோனா பயத்தில் ஆளில்லாத ஸ்டேடியத்தில் தோற்றார்கள். அவர் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அப்புறம் லாஸ்லோ, பந்தோவிச், பிர்டாரிச் என்று மூன்று பேர். பெயர் வாயில் நுழைவதற்குள் ஆள் கிளம்பிவிட, 2023-ல் திரும்பவும் கோய்ல்.

"எதுக்கு வெளிநாட்டுக்காரன்? நம்ம ஆளுகளப் போடட்டும்" என்றார் மாணவர்.

"ஆமாமா, சாவியே அப்ளை பண்ணாரே" என்றார் பிரஸ்காரர். மூவரும் சிரித்தார்கள். அந்த வாரம்தான் அந்தக் கூத்து நடந்திருந்தது. இந்திய அணிக்குக் கோச் ஆக ஸ்பெயின் நட்சத்திரம் சாவி விண்ணப்பித்தாராம் என்று செய்தி. சம்பளம் கட்டுப்படியாகாது என்று விவாதம்கூட நடந்தது. கடைசியில் அந்த மெயில் நிஜமில்லை என்று கால்பந்து சம்மேளனமே சொல்லிவிட்டது. கார்டியோலா பெயரில் வந்ததும் அப்படியேதான்.

நான் பி.காம். படித்தவன். அக்கவுன்டன்ஸியில் 'கோயிங் கன்சர்ன்' என்று ஒரு அனுமானம் உண்டு. கடை நாளைக்கும் திறந்திருக்கும் என்று நம்பித்தான் இன்றைய கணக்கே எழுத முடியும். அது போய்விட்டால் மிச்சமிருப்பது பழைய இரும்பு விலை. அடுத்த கோச் யார் என்று இவர்கள் அடித்துக்கொள்வதும் அந்த நம்பிக்கையில்தான். ஆனால் அந்த ஜூலையில் ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்தி வைத்திருந்தார்கள். லீக் நடத்தும் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது, புதுசு கையெழுத்தாகவில்லை.

"இல்லாத லீகுக்கு எதுக்குப்பா கோச்?" என்று கேட்டே விட்டேன்.

பிரஸ்காரர் கை கழுவப் போனவர் நின்று திரும்பினார். அவருடைய அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவராம். "2018-ல கோர்ட்டு பேரியம் கூடாது, சரவெடி கூடாதுன்னுச்சு. நவம்பர்ல ஆலையை எல்லாம் மூடிட்டாக. அதுக்கு முன்னால, புது போர்மேன் வர்றாராம், கூலி கூடுமாம்னு அம்மா தெனம் ஒரு கதை கொண்டுவரும் சார். மூடுனதுக்கு அப்புறம் மாசக்கணக்குல வீட்ல ஒரு 'ஆம்' கெடையாது. அதுதான் பயமா இருந்துச்சு. போர்மேன் யாருன்னு பேசிக்கிட்டிருந்தா ஆலை இருக்குன்னு அர்த்தம்."

"அதே போர்மேனத்தான், வெடிச்சா மொத ஆளா போலீஸ் பிடிச்சிட்டுப் போகுது" என்றார் பருப்புக் கடைக்காரர். "கோச்சும் அப்படித்தான். ஓனரு எங்கயாச்சும் மாட்டுறாரா?"

யாரும் சிரிக்கவில்லை.

கோய்ல் போனது உண்மையாகிவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் கிளப் தன் செயல்பாடுகளையே தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. பிரஸ்காரருக்குப் போன் செய்தேன். தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் அட்டை ஓடிக்கொண்டிருக்கும் சீசன், பின்னால் மெஷின் சத்தம். "ஒண்ணும் பேச்சில்லண்ணே. குரூப்ல குட்மார்னிங் மட்டும்தான் வருது" என்றார்.

அப்புறம் சூப்பர் கப்புக்கு முன்னால் கிளிஃபோர்டு மிராண்டா வந்தார். கோவாக்காரர். 2023-ல் ஒடிசா அணிக்கு அதே சூப்பர் கப்பை வாங்கிக் கொடுத்தவர். ஐ.எஸ்.எல்.லும் ஒரு வழியாக 2026 பிப்ரவரி 14-ல் தொடங்கியது, சுருக்கப்பட்ட சீசனாக.

அந்த வாரம் திரும்பப் போன் போட்டேன். மாணவருக்கு மிராண்டா தெய்வம். பருப்புக் கடைக்காரர், பட்ஜெட் இல்லாததால் வாங்கிய சரக்கு என்கிறாராம். பேச்சு முற்றி, ஒரு வாரமாக இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லையாம்.

"நீங்க என்னண்ணே சொல்றீக?" என்றார் பிரஸ்காரர், ரொம்ப சந்தோஷமாக.