ரமா ஏன் சிரிக்கவில்லை?

குழந்தைகளைத் திட்டாத தாயார் உலகத்தில் உண்டா, சொல்லுங்கள்! நானும் திட்டியிருக்கிறேன். பாலைக் கொட்டியதற்குத் திட்டியிருக்கிறேன். பாடம் படிக்காததற்குத் திட்டியிருக்கிறேன். அதெல்லாம் அன்றைக்கே மறந்து போன விஷயங்கள். ஆனால் என் பெண் ரமாவின் பல்லுக்காக அவளை நான் படுத்திய பாட்டை நினைத்தால் இன்றைக்கும் மனசு என்னமோ செய்கிறது. உங்கள் வீட்டிலும் ஒரு ரமா இருக்கலாம். அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

நாங்கள் டில்லியில் கரோல்பாக்கில் இருக்கிறோம். அவருக்கு இங்கே உத்தியோகம். மூன்று குழந்தைகளும் இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்தவர்கள். மூத்தவன் ஸ்ரீதர், அடுத்தவள் ரமா, கடைக்குட்டி கண்ணன்.

ரமாவுக்கு ஏழாவது வயதில் பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்தது. முளைக்கும்போதே அதன் நிறம் சரியாக இல்லை. ஓரத்தில் மஞ்சள், நடுவில் பழுப்புத் திட்டு, குறுக்கே நகத்தால் கீறினாற்போல் ஒரு பள்ளம். அந்த வருஷம் கோடை விடுமுறைக்கு மயிலாப்பூரிலிருந்து என் சித்தி வந்திருந்தாள். குழந்தையைப் பார்த்ததும், "என்னடி இது, பெண் பல்லே தேய்க்க மாட்டாளா? நீ கவனிக்கிறதில்லையா?" என்று கேட்டுவிட்டாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! மறுநாளிலிருந்து ஆரம்பித்தேன் யுத்தத்தை. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, நானே பக்கத்தில் நின்று தேய்க்கச் செய்தேன். பழுப்பு போகவில்லை. உப்பும் எலுமிச்சம்பழச் சாறும் வைத்துத் தேய்த்தேன். கரித்தூள் போட்டுத் தேய்த்தேன். "கூசறது அம்மா, வேண்டாம் அம்மா" என்று அது அழும். "சோம்பேறி! ஒழுங்காகத் தேய்த்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?" என்பேன் நான்.

இந்த வைத்தியத்துக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. ரமா சிரிப்பதை நிறுத்திவிட்டாள்! சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் எடுத்த போட்டோவில் அத்தனை குழந்தைகளும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, இவள் மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிற்கிறாள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. பல் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன்.

பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் கிளம்பும்போதே சொல்லி அனுப்பினாள்: "எல்லாம் தண்ணீர்க் கோளாறுதான்!" அவள் சொன்னதிலும் தப்பில்லை. தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தால் குழந்தைகளின் பல்லில் திட்டு விழும். ராஜஸ்தானத்துக் கிராமங்களில் இதை நிறையப் பார்க்கலாம். நானும் டாக்டரம்மாளிடம் அதையே ஒப்பித்தேன்.

அந்த அம்மாள் வயதானவர், நிதானமானவர். கூட வந்திருந்த ஸ்ரீதரைப் பார்த்து, "இவனும் அதே தண்ணீரைத்தானே குடிக்கிறான்? எங்கே, வாயைத் திற" என்றார். அவன் பல் முத்துப் போல் இருந்தது. பிறகு ரமாவின் வாயில் சின்னக் கண்ணாடியை வைத்து எனக்கும் காட்டினார். வலது பல்லில் எந்த உயரத்தில் பள்ளம் இருக்கிறதோ, இடது பல்லிலும் அதே உயரத்தில் இருந்தது. மேலே எப்படியோ, கீழேயும் அப்படியே. முன்பற்களில் மட்டுமல்ல, முதலில் முளைத்த கடைவாய்ப் பற்களிலும் அதே பழுப்பு!

அப்புறம் பல்லுக்குச் சம்பந்தமே இல்லாத கேள்விகளாகக் கேட்டார். அடிக்கடி வயிற்று வலி உண்டா? உண்டு, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடப் பார்க்கிறாள் என்று நான் நினைத்ததுண்டு. உயரம்? வகுப்பிலேயே குள்ளம் இவள்தான். ரத்தம்? எத்தனை பாட்டில் இரும்புச் சத்து டானிக் கொடுத்தும் ஏறினபாடில்லை.

"அம்மா, இது தேய்க்காததால் வந்ததும் இல்லை, தேய்த்தால் போகக் கூடியதும் இல்லை" என்றார் அவர். "எலுமிச்சம்பழப் புளிப்பு, இருக்கிற எனாமலையும் கரைத்துவிடும். முதலில் அதை நிறுத்துங்கள். ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தருகிறேன். ஆனால் ஒன்று, பரிசோதனை முடிகிறவரை சாப்பாட்டில் எதையும் மாற்றாதீர்கள். சப்பாத்தி தின்று கொண்டே இருக்கட்டும்."

சப்பாத்திக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று வழியெல்லாம் யோசித்தேன். ரத்தத்தில் சந்தேகம் தெரிந்தது. குழல் விட்டுச் சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்ததில் உறுதியாயிற்று. 'ஸீலியாக்' வியாதி என்றார்கள்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் 'க்ளூடன்' என்ற புரதம் இருக்கிறது. நமக்கெல்லாம் அது சாதாரண ஆகாரம். சிலருக்கு மட்டும், பிறவியிலேயே அமைந்த ஒரு வாகினால், அது வயிற்றுக்குள் போனதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தக் குடலையே தாக்க ஆரம்பிக்கிறது. சத்தை உறிஞ்சும் மெல்லிய குடல் விரல்கள் தேய்ந்து மழுங்கிப் போகின்றன. எவ்வளவு ஊட்டினாலும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

இந்த வியாதியை 1888-லேயே லண்டனில் ஸாமுவேல் கீ என்ற டாக்டர் விவரித்து எழுதினார். சாப்பாட்டினால்தான் இதைக் குணப்படுத்த முடியும் என்றும் சொன்னார். குற்றவாளி கோதுமை என்று காட்டியவர் ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் டிக்கே. 1944-45 குளிர்காலத்தில், யுத்தத்தினால் அங்கே கடும் பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே வாடிய அந்த நாளில் இந்த வியாதிக்காரக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். அவருக்கு முன்பே இருந்த சந்தேகம் ஊர்ஜிதமாயிற்று. 1950-ல் அதை ஆராய்ச்சி நூலாக எழுதினார்.

பல்லுக்கு வருகிறேன். நிரந்தர முன்பற்கள் ஏழு வயதில் முளைத்தாலும், அவற்றின் எனாமல் ஈறுக்குள்ளே குழந்தையின் மூன்று நான்கு மாத வயதிலேயே உருவாக ஆரம்பித்து, நாலைந்து வயதில் முடிந்துவிடுகிறதாம். அந்தச் சமயத்தில் சுண்ணாம்புச் சத்து சரியாகச் சேராவிட்டாலோ, எனாமலை உண்டாக்கும் அணுக்கள் தாக்கப்பட்டாலோ, பல்லில் அந்த இடம் குறைபட்டுப் போகிறது. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். எனாமலுக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லை. ஒரு தடவை உண்டானால் உண்டானதுதான்.

இதைக் கேட்டபோது எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? ஏழாம் மாதத்தில் நான் ஊட்டிய ரவைக் கஞ்சி, ஒரு வயதில் பாலில் ஊறவைத்துக் கொடுத்த சப்பாத்தி, உடம்பு தேறட்டும் என்று ஆற்றி ஆற்றிக் கொடுத்த பார்லி மால்ட் பானம்! என் மடியில் உட்கார்ந்து அவள் சாப்பிட்ட நாட்கள்தான் அவள் பல்லில் கோடாக விழுந்திருந்தன. அதற்காக அவளையே திட்டியிருக்கிறேன், பாருங்கள்.

சரி, கோதுமையைத் தள்ளிவிட்டால் போயிற்று. இட்லியும் தோசையும் இருக்கும்போது நமக்கென்ன கவலை என்று நினைத்தேன். ரவை, மைதா, சேமியா, கோதுமை அல்வா எல்லாவற்றுக்கும் விடை கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து ரத்தத்தைப் பார்த்தால், இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. எங்கே ஓட்டை? கேளுங்கள் கூத்தை: பெருங்காய டப்பாவில்! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பலவற்றில் கோதுமை மாவு கலக்கிறார்கள், டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது. தினம் ரசத்திலும் சாம்பாரிலும் நானே போட்டிருக்கிறேன். இன்னொரு ஓட்டை, மாவு மில். கோதுமை அரைத்த இயந்திரத்தில்தான் நம் அரிசியும் அரைபடுகிறது. இப்போது மாவு வீட்டிலேயே அரைக்கிறேன். ரமாவின் தோசைக்குத் தனிக் கல்.

'இது டில்லிக்காரர்கள் சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2016-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கு மேலும், தென்னாட்டில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் இந்த வியாதிக்கு அடையாளமான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருப்பதாகக் கண்டார்கள். ஆயிரத்தில் ஒன்று என்பது கணக்குக்குச் சின்னது. அந்த ஒன்றைப் பெற்றவளுக்கு அது சின்னதா? பழுப்புப் பல்லெல்லாம் இந்த வியாதி என்று சொல்லவில்லை. சொத்தை இருக்கலாம், தண்ணீர் இருக்கலாம், மருந்து இருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பழுப்பும் பள்ளமும் இருந்து, குழந்தை வளராமலும் சோகை பிடித்தும் இருந்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். அப்புறம் பரிசோதனையில் உண்மை தெரியாமல் போய்விடும்.

ரமாவின் முன்பற்களில் பல் நிறத்திலேயே ஒரு பூச்சு வைத்து மூடிவிட்டார் டாக்டரம்மாள். அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஒரு வருஷத்தில் இரண்டரை அங்குலம் வளர்ந்திருக்கிறாள்.

உடன்பிறந்தவர்களுக்கும் வரக்கூடும் என்பதால் மற்ற இருவரையும் பரிசோதித்தார்கள். ஸ்ரீதருக்கு இல்லை. மூன்று வயதுக் கண்ணனுக்கு இருந்தது! ஒரு வலி இல்லை, ஒரு தொந்தரவு இல்லை. ரமாவின் பல் இல்லாவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அவனுடைய நிரந்தரப் பற்கள் இன்னும் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கின்றன.

அன்று ராத்திரி ரமாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "நான் உன்னைத் திட்டினது தப்பு, கண்ணே" என்றேன். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அம்மா, அப்போ கண்ணன் பல் வெள்ளையா முளைக்குமா?"

"முளைக்கும் என்றுதான் டாக்டர் சொல்கிறார். உன்னால்தான்."

ரமா சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை.