பாறையும் கயிறும் திரையும்

வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள நம் பகுதி ஏரிகளின் நாடு. ஏரிக்கரைமீது ஏறி நின்றால் அதுவே நமக்கு உயரம். மழை பெய்து நீர் நிரம்பியதும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் வந்து, நீரில் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றைக் காண வருவோர் காட்சிக் கோபுரத்தில் ஏறி நின்று மூச்சடக்கிப் பார்க்கின்றனர். அசையாமல், ஓசையெழுப்பாமல் பார்ப்பது நம் ஊராருக்குப் பரம்பரையாக வந்த பழக்கம். ஏறுவது நம் பழக்கமன்று. இத்தகைய ஊரிலிருந்து பாறையேற்றத் திரைப்படங்களைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நேயர்கள் புருவம் உயர்த்தலாம். காரணம் இருக்கிறது, சொல்கிறோம்.

செங்கற்பட்டில் கல்லூரிப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் நம் மகள், சென்ற மாதம் ஒரு படிவத்தைக் கொண்டு வந்து நம் முன் வைத்தாள். மாணவியருக்கான ஐந்து நாள் பாறையேற்றப் பயிற்சி முகாம். பெற்றோர் கையொப்பம் வேண்டும். நம் துணைவியார் படிவத்தைப் படித்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குச் சென்றார். நம் அன்னையார் மட்டும், "பொம்பளப் புள்ளைக்குப் பாறையில என்ன வேல?" என்றார். மகள் வாதாடவில்லை. "அத்தா, நீங்கள் வேண்டாம் என்றால் போகவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்வதற்குமுன் இந்தப் படங்களைப் பாருங்கள்" என்று ஒரு பட்டியலைத் தந்தாள். இரவுத் தொழுகை முடிந்து, உண்டபின், இரண்டு வாரங்கள் நம் இல்லம் திரையரங்கானது.

முதலில் பார்த்தது 'ஃப்ரீ சோலோ'. 2018இல் வெளிவந்து, 2019இல் சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கர் பரிசு பெற்றது. ஜிம்மி சின், எலிசபெத் சாய் வாசர்ஹெலி என்னும் இணையர் இயக்கியது. அமெரிக்காவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் எல் கேப்பிடன் என்றொரு பாறை, ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்திற்குச் சுவராக நிற்கிறது. 2017 ஜூன் 3ஆம் நாள் அலெக்ஸ் ஹானால்ட் என்பவர் கயிறு எதுவுமின்றி, 3 மணி 56 நிமிடத்தில் அதன்மீது ஏறி முடித்தார். விரல் நுனியும் காலணியின் ரப்பரும் கொஞ்சம் சுண்ணப் பொடியுமே அவருடைய கருவிகள்.

நம் அன்னையார் இடையில் ஒரு கேள்வி கேட்டார். "இவனப் பெத்தவ எங்க இருக்கா?" நியாயமான கேள்விதான். விடை தேடியபோது நாமும் வியந்தோம். ஹானால்டின் தாயார் டியர்ட்ரே வோலோனிக், மொழி கற்பிக்கும் ஆசிரியையாக இருந்தவர். ஐம்பது வயதைக் கடந்தபின் பாறையேற்றம் பழகத் தொடங்கியவர். அதே 2017ஆம் ஆண்டில், தம் 66ஆம் வயதில், மகனோடு கயிறு கட்டிக்கொண்டு அதே எல் கேப்பிடனில் ஏறினார். இதைச் சொன்னதும் நம் அன்னையார் சிறிது நேரம் தம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஆயினும் இப்படம் நம்மை அமைதியிழக்கச் செய்தது. உயிரை அமானிதம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். இரவல் பொருளை ஆயிரம் அடி உயரத்தில் விரல் நுனியில் தொங்கவிடலாமா? திறமையைப் போற்றும் மனம், அச்செயலைப் போற்றத் தயங்குகிறது. படம் எடுத்தவர்களுக்கும் அந்தத் தயக்கம் இருந்தது என்பதே இதன் சிறப்பு. தங்கள் ஓசையோ அசைவோ அவர் கவனத்தைக் கலைத்துவிடக் கூடாதென்று, மிகக் கடினமான இடத்தில் ஆளை நிறுத்தாமல் தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களை வைத்தனர். கீழே நின்ற ஒளிப்பதிவாளர் ஒருவர் பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பறவையைக் கலைக்காமல் பார்க்கத் தெரிந்த நமக்கு அந்த முகத்தின் வேதனை நன்கு விளங்கிற்று. இன்னொன்றும் குறிப்பிட வேண்டும். 2016 நவம்பரில் இதே மனிதர் ஏறத் தொடங்கி, மனம் ஒப்பாமல் திரும்பிவிட்டார். அத்தனை பேர் கேமராவோடு காத்திருக்கத் திரும்பி இறங்குவதற்கும் ஒரு துணிவு வேண்டும். நாம் மகளிடம் சுட்டிக்காட்டியது இவ்விடத்தைத்தான்.

பலரும் அறியாத ஒரு வேறுபாட்டை இங்கே சொல்லிவிடுவோம். பாறையேறுவோர் எல்லாரும் கயிறின்றி ஏறுபவர்கள் அல்லர்; அப்படி ஏறுபவர் மிக மிகச் சிலரே. மற்றவர்கள் இடுப்பில் வார் அணிந்து, அதில் கயிற்றைப் பிணைத்து ஏறுகின்றனர். கயிற்றின் மறுமுனை துணைவர் ஒருவரிடம் இருக்கும். ஏறுபவர் தம் கை கால்களாலேயே ஏறுவார். கயிறு தூக்கிவிடுவதில்லை, வழுக்கினால் தாங்குவதற்கு மட்டுமே. ஆகவே இவ்விளையாட்டின் உயிர்நாடி வீரம் அன்று, கீழே நிற்பவர்மீது வைக்கும் நம்பிக்கை. 'தி டான் வால்' என்னும் 2017ஆம் ஆண்டுப் படம் இதை நன்கு காட்டுகிறது. டாமி கால்டுவெல், கெவின் ஜார்ஜிசன் என்னும் இருவர் எல் கேப்பிடனின் மிகக் கடினமான முகப்பில் 19 நாட்கள் தங்கி ஏறி, 2015 ஜனவரி 14இல் உச்சியை அடைந்தனர். கால்டுவெல்லுக்கு இடக்கை ஆட்காட்டி விரலின் ஒரு பகுதி இல்லை. 2001இல் மரம் அறுக்கும் வாளில் போனது. ஆனால் நம்மைக் கவர்ந்தது அதுவன்று. ஜார்ஜிசன் ஓரிடத்தில் நாள் கணக்கில் தவறித் தவறி விழுகிறார். முன்னே சென்றுவிட்ட கால்டுவெல், தனியே உச்சிக்குப் போய்ப் பெயர் பெறாமல், நண்பருக்காகச் சுவரிலேயே காத்திருக்கிறார். உடன்பிறந்தார் சொத்துக்குச் சண்டையிடும் காலத்தில் இது காணத் தக்க காட்சி.

நம் இல்லத்தில் பெரும் விவாதத்தை மூட்டியது 'டச்சிங் தி வாய்ட்'. கெவின் மெக்டொனால்டு இயக்கி 2003இல் வந்தது. 1985இல் பெரு நாட்டின் சியுலா கிராண்டே மலையில் ஏறி இறங்குகையில் ஜோ சிம்ப்சனுக்குக் கால் எலும்பு முறிந்தது. உடன் சென்ற சைமன் யேட்ஸ், இரண்டு கயிறுகளை ஒன்றாக முடிந்து, பனிப்புயலில் அவரைச் சிறிது சிறிதாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். இருளில் சிம்ப்சன் ஒரு விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கிவிட்டார். மேலே பனியில் அமர்ந்திருந்த யேட்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியத் தொடங்கினார். பிடித்திருந்தால் இருவரும் போவர். இறுதியில் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தார்.

"துரோகி" என்றான் நம் இளைய மகன். "வேறென்ன செய்வார்?" என்றாள் மகள். நம் துணைவியார், அன்று முதன்முறையாக வாய் திறந்து, "அவ்வளவு நேரம் இறக்கிக்கொண்டு வந்தாரே, அதை ஏன் ஒருவரும் பேசவில்லை?" என்றார். பனிப்பிளவில் விழுந்த சிம்ப்சன் இறக்கவில்லை. முறிந்த காலை இழுத்துக்கொண்டு, நாட்கணக்கில் தவழ்ந்து, கூடாரம் வந்து சேர்ந்தார். வந்தவர் நண்பரைக் குறை கூறவில்லை. ஊரார் யேட்ஸைப் பழித்தபோதெல்லாம் அவருக்காகப் பரிந்து பேசியவரும் அவரே. நம் மகன் அதன்பின்னும் இணங்கவில்லை. பதின்மூன்று வயதில் இணங்கவும் வேண்டாம்.

வணிகப் படங்களையும் ஒதுக்கவில்லை. 'கிளிஃப்ஹேங்கர்' (1993), 'வெர்டிகல் லிமிட்' (2000) ஆகியவற்றில் வெடியும் பாய்ச்சலும் மிகுதி, பாறை குறைவு. ஒரு மாலைப் பொழுதுக்கு ஆகும். '127 ஹவர்ஸ்' அப்படிப்பட்டதன்று. 2003இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் குறுகிய பாறைப் பிளவொன்றில், உருண்ட கல்லுக்கும் சுவருக்கும் இடையே கை சிக்கி ஐந்து நாட்களுக்கு மேல் கிடந்து, தம் கையைத் தாமே அறுத்து வெளிவந்த ஏரன் ரால்ஸ்டனின் வரலாறு. டேனி பாயில் இயக்கி 2010இல் வந்தது. இதற்கு இசையமைத்தவர் நம் ஏ.ஆர். ரஹ்மான், பின்னணி இசைக்கும் பாடலுக்குமாக இரண்டு ஆஸ்கர் பரிந்துரைகள் இப்படத்திற்காக அவருக்குக் கிடைத்தன. அந்த மனிதர் எங்கே போகிறோம் என்று ஒருவரிடமும் சொல்லாமல் புறப்பட்டார் என்பதே அத்தனை துன்பத்திற்கும் வேர். கை அறுக்கும் காட்சியைச் சிறுவர்கள் பார்க்க வேண்டாம்; நாமே கண்ணை மூடிக்கொண்டோம்.

நம் நாட்டுப் பாறைக்கு வருவோம். இமயத்தின் மேரு சிகரத்தை, கங்கோத்ரிப் பகுதியில் உள்ளதை, 2008இல் ஏற முயன்று உச்சிக்குச் சற்றுக் கீழே திரும்பியவர்கள், 2011இல் மீண்டும் வந்து வென்ற கதை 'மேரு' (2015). கர்நாடகத்தின் ஹம்பியில் சிதறிக் கிடக்கும் உருண்டைப் பாறைகளைத் தேடி வந்த கிறிஸ் ஷர்மா முதலிய இளைஞர்களின் படம் 'பில்கிரிமேஜ்' (2003). அதைப் பார்த்தபோது நம் மாமல்லபுரம் நினைவுக்கு வராமற்போகாது. சரிவில் எதையும் பற்றாமல் நிற்கும் அந்த வெண்ணெய் உருண்டைக் கல்லை அசைக்க, 1908இல் சென்னை ஆளுநர் ஆர்தர் லாலி ஏழு யானைகளை ஏவினார் என்றும் கல் நகரவில்லை என்றும் கூறுவர். அங்குள்ள சிற்பப் பாறைகள் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். ஏறிப் பழக உரியவை அல்ல. விடுமுறை நாட்களில் புகைப்படத்திற்காக அவற்றின்மீது தொற்றும் இளைஞர்களை ஹம்பிக்கு அனுப்பிவைக்கலாம்.

தமிழ் மண்ணில் நிகழ்ந்தது ஒன்று உண்டு. 2006இல் எர்ணாகுளம் அருகே மஞ்ஞும்மலிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த நண்பர்களில் ஒருவர் குணா குகைப் பிளவில் விழுந்துவிட்டார். உயிரோடிருப்பார் என்று பிறர் நம்பவில்லை. நண்பர் ஒருவர் தம் இடுப்பில் கயிறு கட்டி இறங்கி அவரை மேலே கொண்டு வந்தார். சிதம்பரம் இயக்கிய 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' 2024இல் இதைச் சொன்னது. இறங்குபவராக நடித்தவர் சௌபின் ஷாஹிர். மேலே மழையில் நின்று கயிற்றைப் பிடித்து இழுக்கும் அந்தக் கைகளைப் பார்க்கையில் நம் அன்னையார் தஸ்பீஹை உருட்டுவதை நிறுத்திவிட்டார். ஆனால் ஒன்றை மறக்கலாகாது: தடுப்பைத் தாண்டிச் சென்றதால் நேர்ந்த விபத்து அது. அதன்பின் அவ்விடம் சென்று அதே போல் நிற்க விரும்புவோர் படத்தின் பாதியைத்தான் பார்த்தவர்கள்.

கையொப்பத்திற்கு நம்மைக் கொண்டு வந்தவை வேறு இரண்டு. ஒன்று, ராகுல் போஸ் இயக்கிய 'பூர்ணா' (2017). தெலங்கானாவின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து, அரசின் உறைவிடப் பள்ளியில் பயின்ற மாலாவத் பூர்ணா, 2014 மே 25இல், பதினான்கு வயது நிறையுமுன் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். அவருடைய முதற்பாடம் ஐதராபாத்துக்கு அருகே உள்ள புவனகிரிப் பாறையில். கூலி வேலை செய்யும் பெற்றோர் மகளை அனுப்புவதா வேண்டாமா என்று தவிக்கும் காட்சியில், நம் துணைவியார் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நாம் பார்க்காதது போல் இருந்தோம்.

மற்றொன்று இந்தோனேசியப் படம். லோலா அமரியா இயக்கிய '6,9 டெத்திக்' (2019). டெத்திக் என்றால் நொடி. நடு ஜாவாவின் கிராமத்துப் பெண் ஆரீஸ் சுசந்தி ரஹாயு இதில் தாமாகவே நடித்திருக்கிறார். தாயார் பிழைப்புக்காக வெளிநாடு சென்றிருக்க வளர்ந்த பிள்ளை. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வேக ஏற்றத்தில் தங்கம் வென்று, 2019 அக்டோபரில் 15 மீட்டர் சுவரை 6.995 நொடியில் ஏறி, ஏழு நொடிக்குள் ஏறிய முதற்பெண் ஆனார். தலையில் முக்காடு இட்டபடியே! நம் அன்னையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மறுபடி ஓட்டு" என்றார். மறுபடியும் ஓட்டினோம். பிழைப்புக்காகப் பெற்றோர் ஒருவரைக் கடல் கடந்து அனுப்பிய வீடுகள் நம்மிடையே எத்தனை! அவ்வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்க வேண்டிய படம் இது.

அடுத்த நாள் முகாம் பொறுப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, பயிற்றுநர் யார், பெண் பயிற்றுநர் உண்டா, கயிறுகள் எவ்வளவு பழையவை, அருகில் மருத்துவமனை எது என்று வினவினோம். பொறுமையாக விடையளித்தார். நம் துணைவியாரே பேனாவைக் கொண்டு வந்து கொடுத்தார். மகள் இப்போது கொடிக் கயிற்றில் முடிச்சுப் பழகுகிறாள். துணி உலர்த்த இடமில்லை. நாள்தோறும் மாலை எங்கிருக்கிறாள் என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பது அன்னையார் விதித்த நிபந்தனை. '127 ஹவர்ஸ்' பார்த்ததன் பயன்.

பட்டியலில் ஒரு படம் மீந்திருக்கிறது. 'தி ஆல்பினிஸ்ட்' (2021). கனடாவின் மார்க் ஆந்திரே லெக்லெர்க் என்னும் இளைஞர், புகழை நாடாமல், பெரும்பாலும் தனியே ஏறியவர். கேமராவுக்குக்கூட அகப்படாமல் நழுவிச் செல்பவர். 2018 மார்ச்சில் அலாஸ்காவில், 25 வயதில், துணைவரோடு மலையிலிருந்து திரும்பவில்லை. மகனின் வாழ்வைப் பற்றி அவர் தாயார் பேசும் இடங்கள் அப்படத்தில் உண்டு. நாம் மட்டும் ஒருநாள் பின்னிரவில் பார்த்தோம். மகள் முகாமிலிருந்து திரும்பிய பிறகு எல்லாரும் சேர்ந்து பார்க்கலாம் என்று வைத்திருக்கிறோம்.