மெழுகு ஆறுவதற்குள்

கும்பகோணத்தில் வீணை சொல்லிக்கொடுக்கும் தோழி ஒருவர், தன் வீணைக்கு மேளம் கட்ட, அதாவது சுருதி பார்த்து மெழுகில் மெட்டுகளைப் பதிக்க, வரும் இளைஞரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒன்றைச் சேர்த்துக்கொள்வார். "டிப்ளமா படிச்சவர். ஸ்ரீபெரும்புதூர்ல நல்ல வேலை. அதை விட்டுட்டு இதுக்கு வந்திருக்கார்." அந்தக் குரலில் பெருமையும் இருக்கும், கவலையும் இருக்கும். நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு அப்பாவின் பட்டறைக்குத் திரும்பிய பிள்ளையைப் பற்றி ஊரே இப்படித்தான் பேசுகிறது. அவரே தன்னைப் பற்றி என்ன சொல்வார் என்று கேட்கத்தான் தஞ்சாவூர் போனேன்.

தெற்கு வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அந்தப் பட்டறை. வாசலிலேயே பலா மர வாசனை. மரம் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. நன்றாக முற்றி, உள்ளே மஞ்சள் ஏறிய மரம்தான் வீணைக்கு ஆகும். 2011 டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயல் அந்த வட்டாரத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துப் போட்டதை இங்கே இன்னும் பேசுகிறார்கள். அதன் பிறகு நட்ட கன்றுகள் வீணைக்கு ஆகும் வயதை எட்ட இன்னும் பல வருடம் ஆகும்.

அப்பா குடம் குடைந்துகொண்டிருந்தார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கொட்டாப்புளியால் உளியைத் தட்டத் தட்ட மரம் சுருள் சுருளாக வெளியே வந்தது. வெளிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்தே உள்ளே எவ்வளவு கனம் மிச்சம் என்று சொல்லிவிடுகிறார். குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. முழு வீணையையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாந்த வீணை. முகப்பு ஓரங்களில் பதிக்கும் பூவேலைக்கு முன்பெல்லாம் மான் கொம்பு. அதற்குத் தடை வந்தபின் பிளாஸ்டிக் தகடு. மெருகேற்றும் வேலை வேறொரு வீட்டில் நடக்கிறது. அங்கே நான் போகவில்லை.

என் கண் மகனிடமே இருந்தது. பட்டறையின் பின்கட்டில், ஜன்னலை அடைத்து மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, மரமும் தந்தியும் மட்டுமாக இருந்த ஒரு புது வீணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். தேன்மெழுகோடு கரித்தூள் கலந்த கறுப்புக் குழம்பு அடுப்பில் இளகிக்கொண்டிருந்தது.

"சின்ன வயசுல எனக்கு இந்த அடுப்பு ஊதுற வேலைதான் சார்" என்று ஆரம்பித்தார். அப்போது மேளம் கட்ட ஒரு பெரியவர் வருவாராம். பட்டறையில் யார் பேச்சுக்கும் நிமிராத அப்பா, அவர் வந்தால் எழுந்து நிற்பார். "அப்பா நாள்கணக்கா செதுக்குவாங்க. அப்புறமும் அது மரக்கட்டைதான். அந்தத் தாத்தா வந்து ஒரு நாள் உக்காந்தா, சாயங்காலம் அது பேசிடும். நானும் அவர் மாதிரி ஆகணும்னு அம்மாகிட்ட சொல்லிட்டே இருப்பேன்."

அப்பாவிடம் சொன்னபோது பதில் வேறாக இருந்தது. அதற்குப் பாட்டு தெரிந்திருக்க வேண்டும், காது வேண்டும், நமக்கு எதற்கு அது என்று சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுக்க வீணை செய்த அவருக்கு ஒரு சரளி வரிசைகூட யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மரவேலை ஒரு தெருவிலும் சங்கீதம் இன்னொரு தெருவிலும் வாழ்ந்த ஊரில், பையனின் ஆசை அவருக்கு எட்டாத ஆசையாகத் தெரிந்திருக்கிறது. பாலிடெக்னிக்கில் சேர்த்தார். படிப்பு முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலை. அளவு பார்க்கும் பிரிவில், இரவு ஷிஃப்ட்.

2020 பொது முடக்கத்தில் வீட்டுக்கு வந்தவர், பரணில் கிடந்த ஒரு பழைய வீணையைக் கீழே இறக்கினார். வெயிலில் மெழுகு இளகி மெட்டுகள் சாய்ந்திருந்தன. தொழிற்சாலைப் பழக்கத்தில், நன்றாக இருந்த இன்னொரு வீணையின் மெட்டுகளை ஸ்கேல் வைத்து அளந்து, அதே இடைவெளியில் இதில் பதித்தார். சகிக்கவில்லை. தந்தியின் கனம், குதிரையின் உயரம், தண்டியின் லேசான வளைவு எல்லாமே வீணைக்கு வீணை மாறும். அளவை அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. அந்தத் தோல்விதான் தன்னை இழுத்துப் பிடித்தது என்றார். அடுப்பு ஊதிய காலத்தில் பார்த்த பெரியவரைத் தேடிப் போனார். அவர் போட்ட முதல் நிபந்தனை, "போய்ப் பாட்டு கத்துக்கிட்டு வா." இப்படித்தான் என் தோழியின் வகுப்பில், எட்டு வயதுக் குழந்தைகளுக்கு நடுவே, மீசை வைத்த ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

இனி அவர் வேலையைச் சொல்லியாக வேண்டும். வீணையில் 24 மெட்டுகள், ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம். இந்த 24ஐ நிலைப்படுத்திய பெருமையை 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்துக்குத் தருவது வழக்கம். வெண்கல மெட்டுகளைத் தாங்க, தண்டியின் நீளத்துக்கும் இருபுறமும் வரப்பு எடுத்தது போல மெழுகை அணைக்கிறார். மெழுகு சூடாக இருந்தால் மெட்டு அமுங்கிவிடும், ஆறிவிட்டால் நகராது. நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்துக்குள் மெட்டை வைத்து, தந்தியை அழுத்தி மீட்டி, காதைக் கொடுத்து, மயிரிழை நகர்த்தி, மறுபடி மீட்ட வேண்டும்.

வாசிக்கும் தந்திகள் நான்கு. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று. ஒரே மெட்டு நான்கு தந்திகளுக்கும் சரியாக நிற்க வேண்டும் என்பதில்தான் மேளக்காரரின் பாடு முழுவதும் இருக்கிறது. சாரணியில் சுத்தமாக ஒலித்த மெட்டு அனுமந்தரத்தில் துளி ஏறி நின்றது. மெட்டின் ஒரு முனையை மட்டும் அசைத்துச் சாய்த்தார். அது சரியானதும் அடுத்த மெட்டில் தந்தி உரசி இரைந்தது. அதன் உயரத்தைக் குறைத்தார். உடனே முந்தையதில் மறுபடி பேதம். முகத்தில் எரிச்சலின் நிழல்கூட இல்லை. மேல் ஷட்ஜம் நின்ற பிறகு பஞ்சமம், பிறகு மத்யமம் என்று ஊன்றிக்கொண்டே போனார். நான் பக்கத்தில் இருப்பதையே மறந்துபோனார். சொந்த ஆசைக்குள் போய்ச் சேர்ந்த மனிதரை அவ்வளவு அருகில் பார்ப்பது பெரிய பேறு என்று எனக்குத் தோன்றியது.

ஷிஃப்டில் இருந்த வருடங்களை அவர் வீண் என்று சொல்வதில்லை. "அங்க பழகின பொறுமைதான் சார் இங்க சோறு போடுது. ஆனா அங்க மணி பாத்துட்டே இருப்பேன்" என்றார். இங்கே அவர் மணி பார்த்து நான் காணவில்லை. சாப்பிடக் கூப்பிட்ட அம்மா இரண்டாம் முறை வந்து மெழுகுச் சட்டியையே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிடித்த வேலைக்காக எல்லாவற்றையும் விட்டவர்கள் என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் மேடையில் இருப்பவர்களை. எஸ். பாலச்சந்தர் (1927–1990) குருவில்லாமல் தானே வீணை பயின்றவர். 1954இல் 'அந்த நாள்' படத்தை இயக்கியவர், பிறகு சினிமாவை விட்டு வீணையோடு வாழ்ந்தார். அந்தத் துணிச்சலை எவ்வளவு போற்றினாலும் தகும். ஆனால் அவர் கையில் இருந்த வீணைக்கும் யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேளம் கட்டியிருப்பார். வாசிப்பவரின் ஆசைக்குக் கைதட்டல் கிடைக்கிறது. செய்பவரின் ஆசைக்குக் கிடைப்பது என்ன?

கிடைப்பது பேரம். வீணைகளைப் பட்டறையிலிருந்து வாங்கிச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பும் வியாபாரிகள், மரத்துக்கும் கூலிக்கும் மட்டும் கணக்கு பார்க்கிறார்கள். மேளத்துக்கென்று தனியாக எதுவும் இல்லை. கேட்டால், "உனக்குத்தான் இதுல ஆசையாச்சே, தம்பி" என்ற பதில் வருமாம். இதைக் கேட்டபோது எனக்குக் கொதித்தது. ஒருவர் தன் வேலையை நேசிக்கிறார் என்பதையே காரணமாக்கி அவர் கூலியைக் குறைப்பது திருட்டுதான், வேறு பெயர் அதற்கு இல்லை. மருத்துவர் தன் தொழிலை விரும்புகிறார் என்று யாரும் கட்டணத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை. 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயருக்குக் காவல் வந்தது நல்லதுதான். மெழுகில் விரல் சுட்டுக்கொள்பவரின் கூலியை எந்தக் குறியீடும் நிர்ணயிப்பதில்லை. மெட்டுகள் சில வருடங்களில் தளர்ந்து மறுபடி மேளம் கட்டவேண்டி வரும்போது வீணைக்கு உரியவர் தேடுவது இவரைத்தான், வியாபாரியை அல்ல. அதனால்தான் இவர் இப்போது கோயம்புத்தூர், திருச்சி என்று வித்வான்களின் வீடுகளுக்கே நேராகப் போகிறார். வருமானத்தில் பெரும்பகுதி அந்தப் பயணங்களில்தான் வருகிறது.

அப்பாவிடம் மகனைப் பற்றிக் கேட்டேன். உளியைக் கீழே வைத்தார். "சம்பளத்தை விட்டுட்டானேன்னு ரெண்டு வருஷம் பேசலைங்க. இப்ப நான் குடையும்போதே வந்து தட்டிப் பாத்து, இந்த இடத்துல இன்னும் கொஞ்சம் எடுங்கப்பாங்கறான். எடுத்தா சரியாத்தான் இருக்கு." அவருக்கும் சின்ன வயதில் வேறு ஏதாவது ஆசை இருந்ததா? வெகுநேரம் யோசித்துவிட்டு, நாடகத்தில் ராஜபார்ட் போட ஆசைப்பட்டதாகச் சொன்னார். மகன் பின்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கே அது புதுச் செய்தி.

சாயங்காலம் ஒரு வியாபாரியிடமிருந்து போன் வந்தது. முடிந்திருந்த வீணைக்கு, மேளத்துக்கான தொகையைத் தனி வரியாகப் பில்லில் எழுதியிருந்தார் மகன். அதை எடுத்துவிடச் சொல்லி அந்தப் பக்கத்தில் பேச்சு நீண்டது. இவர் மெட்டைத் துணியால் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, ஆசை இருக்கறதாலதான் அண்ணே சுத்தமா கட்டியிருக்கேன். அந்தக் காசு அதுக்குத்தான். குறைக்க முடியாது" என்றார். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமில்லை. பிறகு, காலையில் வண்டி அனுப்புவதாகவும் பில்லை அப்படியே கொடுத்தனுப்பும்படியும் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.