கீழ்வீட்டு அங்கிள்

டெல்லிக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. குளிர், ஹிந்தி, கடுகெண்ணெய் வாசம் எல்லாம் பழகிவிட்டது. பழகாத ஒரே ஆள் எங்கள் கீழ்வீட்டு அங்கிள்தான்.

பிள்ளைகள் ஓடினால் காலிங் பெல். பால்கனிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் காலிங் பெல். சனிக்கிழமை ராத்திரி என்றால் பெல் கூடக் கிடையாது, நேரே கதவில் தட்டுதான். "சத்தம்" என்று ஆரம்பிப்பார். "இரண்டே நிமிஷம் அங்கிள்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவேன். "மதராசிகளைக் கண்டாலே இந்த ஆளுக்கு ஆகாது" என்று பிள்ளைகள் காதுபடவே சொல்லியிருக்கிறேன். அதே வாயால் தினமும் ஜெபமாலையும் சொல்வேன். கொஞ்சமும் உறுத்தவில்லை.

ஒரு பெரிய வியாழன் பூசையில் ஃபாதர் 12 பேருக்குப் பாதம் கழுவிக்கொண்டிருந்தார். ஊரில் அப்பா ஒருமுறை அந்த 12 பேரில் ஒருவராக உட்காரப் போகிறார் என்று முந்தின நாளே காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது ஞாபகம் வந்தது :-) அன்று வாசித்தது யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரம். யூதாஸ் எழுந்து வெளியே போனது பாதம் கழுவி முடிந்த பிறகுதான். காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தே அவன் காலையும் ஆண்டவர் கழுவினார். சின்ன வயசிலிருந்து கேட்ட வாசகம்தான். அன்றுதான் உறைத்தது.

நம்மூரில் எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்குச் 'சிறுமலர்' என்று பேர். அந்தச் சிறுமலர், பிரான்சில் லிசியே மடத்தில் 1897இல் 24 வயதில் இறந்த தெரேசம்மாள். மடத்தில் ஒரு சகோதரியின் எந்தச் செய்கையும் அவருக்குப் பிடிக்காதாம். அதனால் அவருக்காக ஜெபித்து, பார்க்கும்போதெல்லாம் சிரித்திருக்கிறார். கடைசியில் அந்தச் சகோதரி, தன்னிடம் அப்படி என்ன பிடித்திருக்கிறது என்று தெரேசம்மாளையே கேட்டாராம்!

சரி, நாமும் செய்து பார்ப்போமே என்று ஆரம்பித்தேன். முதல் வாரம் சுத்த நடிப்பு. படியில் பார்த்தால் நான் சிரிப்பேன், அவர் முறைப்பார். மூன்றாவது வாரம் நானே கீழே போய், "எங்களால் என்ன கஷ்டம் அங்கிள்?" என்று கேட்டேன்.

உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கையறையைக் காட்டினார். அதற்கு நேர் மேலே எங்கள் சமையலறை. ஆன்ட்டிக்குப் பல வருஷமாகவே சரியான தூக்கம் கிடையாதாம். சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு எங்கள் வீட்டுக் கிரைண்டர் சுற்றினால் கட்டிலே அதிரும் என்றார். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை இட்லி. அந்த அம்மாவுக்குத் தூங்காத ராத்திரி.

ஆபீஸில் ஜூனியர்களுக்குள் சண்டை வந்தால் பஞ்சாயத்துப் பண்ணுகிறவன் நான். ஒரு மனுஷனை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மாடியேறி வந்தேன்.

இப்போது சனிக்கிழமை மத்தியானமே மாவு அரைத்துவிடுகிறோம். அங்கிள் ஒன்றும் மாறிவிடவில்லை. போன வாரம் கூட ஸ்கூட்டரை நிறுத்தும் இடத்துக்காகக் கத்தினார். எனக்கும் சுர்ரென்று வந்தது. ஆனால் என் பக்கம் என்ன தப்பு என்று ஒரு நிமிஷம் யோசிக்க முடிகிறது. அன்று தப்பு அவர் பக்கம்தான். இருந்தாலும் ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தினேன்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டது பெரிய கஷ்டமாக இல்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, "அந்தத் தாத்தாவைப் பற்றி அப்பா சொன்னது பொய்" என்று சொன்னேனே, அதற்குத்தான் ஒரு வாரம் பிடித்தது.