சிவப்பு நூல் ஏன்?

"போரின் ஆறாத வடுக்களைச் சுமந்து நிற்கும் பெண்ணுடலின் மௌன ஓலமே இப்படைப்பு."

இந்த வசனத்தை எழுதினது நாங்கள்தான். எங்கட பட்ச் ஆக்கள் மூன்று பேர், கண்காட்சிக்கு முதல்நாள் இரவு ஒரு லப்டொப்பைச் சுற்றி இருந்து எழுதினோம். படைப்பு எங்களுடையதில்லை. எங்களுக்கு இரண்டு வருசம் இளைய ஒரு பிள்ளை செய்தது. வெள்ளைத் துணித் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, சிவப்பு நூலால் கையால் தைத்து, ஆளுயரத்துக்குச் சுவரில் தொங்கவிட்டிருந்தாள். ஒவ்வொருவரும் தங்கட படைப்பைப் பற்றி நூறு சொல்லில் ஒரு குறிப்புக் குடுக்க வேண்டும். மாதக்கணக்காக நித்திரை முழித்துச் செய்கிற பிள்ளைகள் அந்த நூறு சொல்லுக்கு முன்னால் வந்து நின்றுவிடுவார்கள். பிறகு கலை வரலாறு படிக்கிற எங்களைத் தேடி வருவார்கள். "அக்கா, நீங்கள் வடிவா எழுதுவீங்கள்தானே." நாங்களும் வடிவாக எழுதிக் குடுப்போம். அன்றிரவு மட்டும் ஏழு குறிப்பு எழுதினோம். ஏழிலும் 'மௌனம்' இருந்தது. அதைப் பிறகுதான் எண்ணிப் பார்த்தோம்.

அடுத்தநாள், பென்ஷன் எடுத்த வாத்தியார் போல ஒரு ஐயா வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குறிப்பை முழுக்க வாசித்தார். துணியைப் பார்த்தார். திரும்பவும் குறிப்பை வாசித்தார்.

"பிள்ளை, இதில வடு எது?"

அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் கதவடியில் தேத்தண்ணிக் கப்போடு நின்றோம்.

"சரி, சிவப்பு நூல் ஏன் பாவிச்சனீங்கள்?"

"சிவப்புத்தான் ஐயா கூட மிஞ்சிக் கிடந்தது."

அவர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நக்கலாகச் சிரிக்கவில்லை. ஆனால் அவள் அன்று முழுக்கத் தன் படைப்புக்குப் பக்கத்தில் நிற்கவே இல்லை. பின்னேரம் கழற்றி மடிக்கும்போது, "அக்கா, நீங்கள் எழுதினது எனக்கு விளங்கேல்ல. ஆனா நல்லா இருந்தது, அதான் ஒண்டும் சொல்லேல்ல" என்றாள்.

நாங்கள் உதவி என்று நினைத்துக்கொண்டு செய்தது இதைத்தான். அவள் வாயில் எங்கட சொல்லை வைத்து அடைத்துவிட்டோம்.

ஏன் எழுத வராது என்று யோசித்தால், எங்களுக்கும் ஒருகாலத்தில் வரவில்லைதான். ஏ.எல். சித்திரப் பாடத்துக்கு ரியூஷன் கொப்பியில் எழுதிய நோட்ஸ் ஞாபகமிருக்கும். சமநிலை, லயம், வர்ண இசைவு. இந்த மூன்றையும் சிகிரியாவுக்கும் எழுதலாம், அஜந்தாவுக்கும் எழுதலாம், பிக்காசோவுக்கும் எழுதலாம். படத்தைப் பார்க்கத் தேவையே இல்லை. பார்க்காமலே எழுதித்தான் நாங்களும் பாஸ் பண்ணி உள்ளுக்கு வந்தோம். கம்பஸ் வந்த பிறகு அந்த மூன்று சொல்லின் இடத்தில் வேறு மூன்று சொல் வந்தது. வடு, மௌனம், அடையாளம். கொஞ்சம் கனமான சொற்கள், அவ்வளவுதான் வித்தியாசம். வடக்கு கிழக்கில் இருந்து ஒரு பிள்ளை எதைச் செய்து வைத்தாலும் 'போரின் வலி' என்று எழுதினால் பார்க்க வருகிறவர்கள் தலையாட்டுவார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்தத் தலையாட்டலுக்குத்தான் எழுதினோம்.

அதே நோட்ஸில் இன்னொரு விசயமும் இருந்தது, நாங்கள் கவனிக்காமல் பாடமாக்கிய ஒன்று. சிகிரியாவின் கண்ணாடிச் சுவர். 5ஆம் நூற்றாண்டு ஓவியங்களைப் பார்க்க ஏறி வந்த சனம், பிறகு வந்த நூற்றாண்டுகளில் அந்தப் பளபளப்பான சுவரில் தாங்கள் நினைத்ததை எழுதிப்போட்டுப் போயிருக்கிறது. செனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களை வாசித்து 1956இல் புத்தகமாக்கினார். எழுதினவர்களில் பிக்குமார் இருந்தார்கள், படைவீரர் இருந்தார்கள், பெண்களும் இருந்தார்கள். ஒருவரிடமும் கலை வரலாற்றுப் பட்டம் இல்லை. மலையேறிக் களைத்து வந்து, பார்த்து, பார்த்த கையோடு எழுதியிருக்கிறார்கள். பரீட்சைக்கு நாங்கள் எழுதினது '685' என்ற இலக்கத்தை மட்டும்.

கண்காட்சிக்குப் பிறகு, குறிப்பு எழுதிக் குடுப்பதை நிற்பாட்டினோம். அதற்குப் பதிலாகச் சனிக்கிழமை பின்னேரங்களில் மரத்தடியில் இருக்கத் தொடங்கினோம். விருப்பமானவர்கள் வரலாம், கொப்பியும் பேனையும் போதும். முதல்நாள் பன்னிரண்டு பேர். இரண்டாம் கிழமை நாலு பேர். (முதல்நாள் ரோல்ஸ் வாங்கிக் குடுத்தோம், அதுவும் காரணமாக இருக்கலாம்.)

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் ரொபர்ட்ஸ் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர், மாணவர்களை ஒரே ஓவியத்துக்கு முன்னால் மூன்று மணித்தியாலம் இருந்து பார்க்கச் சொல்லுவாராம். நாங்கள் இருபது நிமிசம் வைத்துப் பார்த்தோம். ஒருத்தன் நித்திரையாகிப் போனான். ஆனாலும் இருபது நிமிசத்தில் ஏதோ நடக்கத்தான் செய்கிறது. முதல் ஐந்து நிமிசத்தில் எல்லோருக்கும் எல்லாம் பார்த்து முடிந்துவிடும். பிறகு அலுப்பு வரும், போனைத் தேடிக் கை போகும். அதையும் தாண்டினால்தான் படம் திறக்கும். முதல்வருசப் பெடியன் ஒருத்தன், தன் கூட்டாளி கீறிய கடலேரிப் படத்தைப் பார்த்துவிட்டு, "வள்ளம் மிதக்கேல்ல. தண்ணிக்கு மேல தூக்கி வைச்ச மாதிரிக் கிடக்கு. நிழல் இல்ல" என்று எழுதினான். கீறினவனுக்குச் சரியான கோபம். "வேணுமெண்டுதான் விட்டனான்" என்றான். ஏன் என்று கேட்டோம். தெரியாது என்றான். அடுத்த கிழமை வரும்போது ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். அந்த வள்ளம் ஓடுவதில்லை, வீட்டு முற்றத்தில் கவிழ்த்துக் கிடக்கிற அப்பப்பாவின் வள்ளம், அதைத்தான் தூக்கித் தண்ணீரில் வைத்திருக்கிறான். கவிழ்த்த வள்ளத்தை நிமிர்த்திக் கீறினதாலதான் நிழல் வரவில்லையோ என்று அவனே கேள்வி கேட்டு முடித்திருந்தான்.

எங்களிட்டப் பெரிய முறை ஒன்றும் இல்லை. சில சொற்களுக்குத் தடை போட்டோம். வடு, மௌனம், வலி, அழகு, ஆழம். பிறகு, எழுத வராதவர்களைக் கதைக்கச் சொல்லி வொயிஸ் எடுத்தோம். கதைக்கும்போது "அம்மா தைக்கேக்க" என்று சொல்லுகிற பிள்ளை, பேனையைப் பிடித்தவுடன் "அன்னையவள் ஆடை புனைகையில்" என்று தொடங்கும். வொயிஸைத் திரும்பப் போட்டுக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதச் சொன்னோம். பிழை திருத்தம் பிறகு பார்க்கலாம்.

ஒருநாள் தா. சனாதனனின் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' புத்தகத்தைக் கொண்டுபோனோம். 2011இல் வந்தது. இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் விட்டு வந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்தில் இருந்து கீறியிருக்கிறார்கள். நேராக வராத கோடுகள். அதற்கு ஒரு கட்டடக்கலைஞர் வரைந்த திருத்தமான படமும், ஓவியர் கீறிய படமும் கூடவே இருக்கும். பார்த்துவிட்டு, எல்லோரும் தங்கட வீட்டைக் கீறி, அதில் ஒரு இடத்தைப் பற்றி மட்டும் எழுதுவோம் என்று தீர்மானித்தோம். நாங்களும் கீறினோம். எங்களில் ஒருத்தி கிணற்றை மறந்துபோய், பிறகு கிணறு மறந்ததைப் பற்றியே எழுதினாள்.

தையல்காரப் பிள்ளையும் அன்று வந்திருந்தாள். அவளிட்டக் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். அவள் கீறின வீட்டில் அறை ஒன்று, விறாந்தை ஒன்று. விறாந்தையில் ஒரு சதுரம். சதுரத்துக்குக் கீழே சின்னதாக ஒரு வட்டம். சதுரம் அம்மாவின் மெஷின், வட்டம் தான் என்று எழுதியிருந்தாள். ஊருக்குத் திரும்பி வந்த பிறகு வாழ்வாதார உதவியாகக் கிடைத்த மெஷின். உடம்பில் வெள்ளைப் பெயின்டால் ஒரு இலக்கம் போட்டிருந்ததாம். அப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்காமல் சனம் சட்டை தைக்கக் குடுத்தது, அம்மாவுக்கு அது நிம்மதி என்று ஒரு வரி. அம்மா வெட்டி விட்ட துண்டுகள் எல்லாம் மெஷினுக்குக் கீழே இருக்கிற தனக்குத்தான் வரும் என்று இன்னொரு வரி. ஊரில் யாரும் சிவப்பில் சட்டை தைக்கவில்லை, ஆனபடியால் சிவப்பு நூல் முடியவே இல்லை.

நாங்கள் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. நாங்கள் 'போர்' என்று எழுதினது பிழையில்லை. அது இருந்த இடம்தான் பிழை. அது உடலில் இல்லை, வடுவில் இல்லை. மெஷினில் இருந்த இலக்கத்தில் இருந்தது. அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நாங்கள் கேட்கவில்லை.

அந்தத் துணியை இன்னொரு இடத்தில் திரும்பக் காட்சிக்கு வைக்கிறார்கள். குறிப்பை அவளே எழுதினாள், நாற்பத்திரண்டு சொல். எழுத்துப்பிழை மட்டும் பாருங்கோ அக்கா என்று அனுப்பினாள். பழக்க தோசம், 'மெஷின்' என்றிருந்ததை 'தையல் இயந்திரம்' என்று மாற்றி அனுப்பிவிட்டோம். பத்து நிமிசத்தில் திருப்பி அனுப்பினாள். இயந்திரத்தை வெட்டிவிட்டு, திரும்பவும் மெஷின் என்று போட்டிருந்தாள்.