வழி அறிந்தவர் யார்?

இரு வழி பிரியுமிடத்தில் நின்று தயங்காத மனிதர் உலகில் இல்லை. தயங்குதல் குற்றமன்று. தயங்கும்போது யாரைக் கேட்கிறோம் என்பதே நம் அறிவுக்கு உரைகல். இவ்வுண்மையை நாம் ஆங்கிலப் பள்ளியில் கற்றோமில்லை, பட்டறிந்தோம். பட்டதை ஒளியாது உரைத்தல் பிறர்க்குப் பயன்படுமென்று கருதி இதனை எழுதலானோம்.

சென்ற மார்ச்சு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜொகூர்ப் பாலத்தைக் கடந்து, கிராஞ்சியில் நம் மைத்துனரைச் சந்தித்தோம். 1975-ஆம் ஆண்டில் ஆற்று முகத்தை அடைத்து ஆக்கிய நீர்த்தேக்கத்தின் கரையில், நம் துணைவியார், மைத்துனர், அவர் மனைவியார், அத்தை ஆகியோருடன் பாய் விரித்து அமர்ந்தோம். நடுவே கிடந்தது ஆஸ்திரேலிய தேசப்படம். அந்நாட்டு வீரர்கள் 1942 பிப்ரவரியில் இக்கிராஞ்சிக் கரையைக் காத்து நின்று மடிந்ததை நேயர்கள் அறிவர். அவர்கள் பிறந்த நாட்டின் உட்புறத்தை ஒருமுறையேனும் காணவேண்டுமென்று ஈராண்டாகப் பணம் சேர்த்திருந்தோம். அங்குக் குளிர்காலமாகிய ஜூலையில் நால்வர் மோட்டாரில் செல்வதாக ஏற்பாடு. எவ்வழியே செல்வது என்பதுதான் வழக்கு.

அடிலெயிடு நகரிலிருந்து வடக்கே சென்றால் மாரீ என்னும் சிற்றூர் வரும். நம் மொழியில் மாரி என்றால் மழை. அவ்வூருக்கோ மழை அரிய விருந்தாளி! அங்கிருந்து தார் காணாத மண்சாலைகள் இரண்டு பிரிகின்றன. ஒன்று பர்ட்ஸ்வில் சாலை. சுமார் 520 கிலோமீட்டர். கல்லும் மணலுமான பாலைகளினூடே செல்வது. கூரிய கற்கள் சக்கரத்தின் ரப்பரைக் கிழிக்கும். கூப்பர் ஆறு பெருகினால் வழி அடைபடும். மற்றொன்று ஊட்னடாட்டா சாலை. மார்லா என்னும் ஊர் வரை சுமார் 620 கிலோமீட்டர். பழைய இருப்புப்பாதையை ஒட்டிச் செல்வது அது. 1872-இல் முடிவுற்ற தந்திக் கம்பியும் அப்பகுதி வழியாகவே டார்வினுக்குச் சென்றது. டார்வினிலிருந்து கடலடிக் கம்பி ஜாவாவுக்கும், அங்கிருந்து சிங்கைக்கும், சிங்கையிலிருந்து பினாங்கு வழியாகச் சென்னைக்கும் தொடர்ந்தது. நம் முன்னோர் கப்பலேறிய கடலின் அடியில் அப்பாலைவனத்துச் செய்தி ஓடியது என்பதை எண்ணும்போது வியப்புண்டாகிறது.

மைத்துனர் பர்ட்ஸ்வில் என்றார். தூரம் குறைவு, வீரம் மிகுதி என்பது அவர் வாதம். நாமும் அதற்கே இசைந்தோம். பெண்கள் இருவரும் இசையவில்லை. அத்தை அவர்களோ, “ரெண்டு சீட்டு எழுதி மாரியம்மன் படத்து முன்னாலே போடுங்க. குழந்தை கையால எடுத்தா ஆத்தா வழி காட்டுவா,” என்றார்கள். வண்டிச் சக்கரத்தில் வைத்து நசுக்க எலுமிச்சம்பழம் நான்கையும் இங்கிருந்தே கொண்டுபோகச் சொன்னார்கள்.

நாம் நகைத்தோம். 1999-இல் இக்கிராஞ்சிக்கு வந்த குதிரைப்பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் நாளோடு முடிவுற்றது. சீட்டுக் குலுக்கி வழி தேர்வதும் குதிரைமேல் பணம் கட்டுவதும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே என்று சிறு பிரசங்கமும் செய்தோம். அதற்கு நம் துணைவியார், “அம்மா சீட்டைக் கேட்கிறாங்க, நீங்க படத்தைக் கேட்கிறீங்க. அந்த வழியில போனவங்களை யாராவது கேட்டீங்களா?” என்றார். நகைப்பு நின்றது. அச்சொல்லின் பொருள் நம்மிருவருக்கு மட்டுமே விளங்கும். இன்று நேயர்களுக்கும் விளக்குகிறோம்.

ஏழாண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில் ஒரு நாள், நாம் கிராணியாக இருக்கும் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் அரிவாள் நழுவித் தொழிலாளி ஒருவரின் வலக்கை அறுபட்டது. மருத்துவமனைக்கு இரு செம்மண் பாதைகள். மேட்டைச் சுற்றிப் போவது நீளம். ஆற்றோரமாகப் போவது அதில் பாதி. முப்பதாண்டு அப்பாதைகளில் லாரி ஓட்டிய முதியவர் ஒருவர், “கிராணியாரே, ஆத்தோரம் மேலே காய்ஞ்ச மாதிரி இருக்கும், அடியிலே சேறு. சுத்தியே போங்க,” என்றார். நாம் தோட்டத்துப் படத்தை விரித்து, ஆங்கிலத்தில் எழுதியிருந்த தூரத்தை அவருக்கு விரலால் சுட்டிக்காட்டினோம். அவருக்கு ஆங்கிலம் தெரியாதென்பது நமக்குத் தெரியும். தெரிந்தே காட்டினோம்.

வண்டி சேற்றில் அச்சு வரை இறங்கியது. டிராக்டர் வந்து இழுக்க மூன்று மணி நேரம் சென்றது. அத்தொழிலாளி மோதிர விரலையும் சுண்டு விரலையும் இழந்தார். முன்னதாக வந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்றார் மருத்துவர். விபத்து அறிக்கை எழுதியவரும் நாமே. ‘மழையினால் தாமதம்’ என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினோம். மழையா தாமதம் செய்தது? இன்றும் அவர் மூன்று விரல்களால் பேனாவைப் பிடித்துச் சம்பளச் சீட்டில் கையெழுத்திடும்போது நாம் வேறு காகிதத்தைப் பார்க்கிறோம்.

கிராஞ்சியிலிருந்து திரும்பிய மறுநாள், தேசப்படத்தை எடுத்துக்கொண்டு அம்முதியவரின் லயத்து வீட்டுப் படியேறினோம். அத்தனை ஆண்டுகளில் அதுவே முதல் முறை. பெயர் சொல்லி அழைத்தே பழகிய நாவால் “அண்ணே” என்றோம். அவர் மனைவியார் கடுங்காப்பி கொடுத்தார். ஆஸ்திரேலியாவைக் கண்டறியாத அப்பெரியவர், படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். “எண்ணெய் எங்கெங்கே கிடைக்கும்? வழி எப்படி இருக்குதுன்னு அன்னன்னைக்குச் சொல்ல ஆள் இருக்கா? நீங்க வந்து சேரலேன்னா தேடணும்னு யாருக்குத் தெரியும்?”

முதற் கேள்விக்கே பாதி வழக்கு தீர்ந்தது. பர்ட்ஸ்வில் சாலையில் மாரீயை விட்டால் சுமார் 200 கிலோமீட்டரில் மங்கரானி. அதன்பின் 300 கிலோமீட்டருக்குமேல் எண்ணெய் இல்லை. ஊட்னடாட்டா சாலையிலோ வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா, மார்லா என ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு ஒன்றாக எண்ணெயும் மனிதரும் உண்டு. “வண்டி நின்னா வண்டியை விட்டு நடந்துடாதீங்க, தேடுறவங்க கண்ணுக்கு அதுதான் முதல்ல தெரியும்,” என்றும் சொன்னார். 1963 டிசம்பரில், பர்ட்ஸ்வில் சாலையில் வண்டி நின்றுவிட, அதை விட்டு நீங்கிய குடும்பமொன்றில் ஐவரும் நீரின்றி மாண்டனர் என்பதைப் பின்னர்ப் படித்தபோது நம் உடல் சிலிர்த்தது.

இன்னொரு வரலாறும் நம் நெஞ்சைத் தைத்தது. பர்க், வில்ஸ் என்னும் வெள்ளையர் ஆஸ்திரேலியாவைத் தெற்கு வடக்காகக் கடந்து, 1861 ஏப்ரல் 21-ஆம் நாள் மாலை கூப்பர் ஆற்றங்கரைப் பாசறைக்குத் திரும்பினர். அங்குக் காத்திருந்தோர் அன்று காலையிலேதான் புறப்பட்டுப் போயிருந்தனர்! வந்த வழியே தொடரலாம் என்றனர் வில்ஸும் கிங்கும். தலைவராகிய பர்க், ‘நம்பிக்கையற்ற மலை’ என்று பெயர்கொண்ட இடத்து மாட்டுப் பண்ணையை நோக்கிச் செல்லும் புதுவழியைத் தேர்ந்தார். வழி கிட்டவில்லை. அக்கரையிலேயே யண்ட்ருவாண்டா என்னும் ஆதிக்குடிகள் மீனுண்டு, நார்டூவைப் பக்குவஞ்செய்து உண்டு வாழ்ந்திருந்தனர். உணவளிக்க வந்தவர்களைப் பர்க் துப்பாக்கி வெடித்து விரட்டினார். தலைவர் இருவரும் மாண்டனர். அம்மக்களை அண்டி வாழ்ந்த கிங் ஒருவரே உயிர்தப்பி, அவ்வாண்டு செப்டம்பரில் மீட்கப்பெற்றார். கற்றவர் இறந்தனர், கேட்டவர் பிழைத்தார்!

ஊட்னடாட்டா சாலைதான் யாருடையது? நிலத்தடியிலிருந்து பொங்கும் ஊற்றுகளை ஒட்டி ஆதிக்குடிகள் நெடுங்காலம் நடந்த பண்டமாற்று வழி அது. தந்தியும் ரயிலும் அந்நீரைத் தொடர்ந்தே வந்தன. அன்று சுமை சுமந்தவர் ‘ஆப்கானியர்’ என்று ஒரே பெயரிட்டழைத்த ஒட்டகக்காரர். அவர்களுட் பலர் பலுசிஸ்தானம், பஞ்சாப், சிந்து நாட்டினர். ஆயினும் மாரீயில் இருப்புப்பாதைக்கு ஒருபுறம் வெள்ளையர், மறுபுறம் ஒட்டகக்காரரும் ஆதிக்குடிகளும். மேட்டில் கிராணி வீடும் பள்ளத்தில் லயமும் கண்டு வளர்ந்த நமக்கு இதனை எவரும் விளக்கத் தேவையில்லை. வழியை அறிந்தவர் ஒருபுறம்; வழியைத் தேர்பவர் மறுபுறம். இடையிலே ஒரு கோடு. அக்கோட்டில் எத்தனை விரல்கள், எத்தனை உயிர்கள்!

நால்வரும் ஊட்னடாட்டா வழியையே தேர்ந்தோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டராக ஐந்து நாளுக்கு 200 லிட்டர் நீர். மாற்றுச் சக்கரம் இரண்டு. விண்கோள் வழியே பேசும் தொலைபேசி. மண்சாலைக்கு அனுமதி எழுதிக்கொடுத்த வாடகை வண்டி. இருட்டினால் ஓட்டுவதில்லை என்ற கட்டுப்பாடு. மழை பெய்து சாலை அடைத்தால் திறக்கும் வரை காத்திருத்தல். ஒவ்வோர் ஊரிலும் அடுத்த ஊர் வழியை அங்குள்ளோரிடம் கேட்டே புறப்படுவோம். என்று எங்கே சேர்வோமென்னும் குறிப்பின் ஒரு படி முதியவரிடம் இருக்கும்; அத்தையிடமும் இருக்கும். எலுமிச்சம்பழத்தை வேண்டாமென்று சொல்லவில்லை. நசுக்காமல் நீரில் பிழிந்து குடிக்கலாம் என்றோம். அத்தை சிரித்துவிட்டார்கள்.

மற்றொரு பயணம் இதனினும் கடினமாயிருந்தது. மூன்று விரல் கொண்ட அவ்வன்பரிடம் சென்று, அன்று நேர்ந்தது மழையின் குற்றமன்று, நம் செருக்கின் குற்றமென்று சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, “எனக்குத் தெரியும்ங்க. நீங்க சொல்லுவீங்களான்னுதான் தெரியல,” என்றார். அறிக்கையைத் திருத்தி, தாமதத்தின் உண்மைக் காரணத்தை எழுதி, நம் கையெழுத்துடன் மேலாளரிடம் கொடுத்துவிட்டோம். விளைவு எதுவாயினும் ஏற்போம்.

படித்த இளைஞர்களே! தேசப்படம் வேண்டும், கணக்கும் வேண்டும். ஆனால் படம் சேற்றின் ஆழத்தைச் சொல்லாது. அதில் கால் வைத்தவர் சொல்வார். அவர் நம் லயத்திலேயே இருக்கிறார். படியேறிச் சென்று கேளுங்கள்.