வாண்டில் நதிக்கரையில் ஒரு காலைப்பொழுது

இலண்டன் மாநகரின் தெற்கே, நம்மவர் பலர் குடியேறி வாழும் டூட்டிங், மிச்சம் ஆகிய இடங்களுக்கு அண்மையில் வாண்டில் என்னும் சிற்றாறு ஓடுகின்றது. தேம்ஸ் நதியைக் காணச் செல்லும் யாத்திரிகர் இதனைத் தேடிச் செல்வதில்லை. ஆயினும், சென்ற இலையுதிர் காலத்து ஞாயிறு ஒன்றில் அதன் கரையிலே நாம் கண்ட காட்சி நெஞ்சை விட்டு அகலவில்லை.

குரொய்டன், கார்ஷால்டன் பகுதிகளின் ஊற்றுகளிற் பிறந்து, ஏறத்தாழ 14 கிலோமீற்றர் ஓடித் தேம்ஸிற் கலக்கும் இந்நதி, ஒரு காலத்தில் திரவுட் மீனுக்குப் பேர்போனது. நுவரெலியாவின் குளிர் ஓடைகளில் ஆங்கிலேயர் கொணர்ந்து விட்ட மீனும் இதுவே. 1881 இல் கவிஞர் வில்லியம் மொறிஸ் தமது சாயப்பட்டறைக்கு இக்கரையைத் தெரிந்ததும் நீரின் சிறப்பை எண்ணியே. ஆனால் ஆலைகள் பெருகின, கழிவு கலந்தது, 1960களில் நதி வெறுஞ் சாக்கடையாயிற்று.

நாம் சென்ற அன்று, இடுப்பளவு இறப்பர்க் காலணி அணிந்த ஆண்களும் பெண்களும் குளிர்நீரில் நின்றனர். எவரும் கூலி பெறுபவரல்லர். சேற்றிற் புதைந்த சைக்கிள்களையும் ரயர்களையும் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றினர்.

திரவுட்டின் பெண்மீன் வாலினாற் கூழாங்கற்களை விலக்கிக் குழி பறித்து முட்டையிடும். கற்களினூடே தெளிந்த நீர் ஓடினாற்றான் முட்டை பிழைக்கும். சேறு படிந்தால் மூச்சடைத்து அழியும். ஆகவே, மரக்குற்றிகளை இட்டு ஆற்றை ஒடுக்குகின்றனர். ஒடுங்கிய நீர் விரைந்தோடிச் சேற்றைத் தானே கழுவிவிடுகின்றது. கரையில் நாட்டிய செடிகள் மண்ணைக் காத்து நிழலும் தருகின்றன. பாடசாலைப் பிள்ளைகளும் வகுப்பறைத் தொட்டிகளில் முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை ஆற்றில் விட்டிருக்கின்றனர்.

2007 இல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றிலிருந்து வெளியேறிய இரசாயனம் ஆயிரக்கணக்கான மீன்களைக் கொன்றது. பல்லாண்டு உழைப்பு பாழாயிற்று. ஆயினும் தொண்டர்கள் மீண்டும் ஆற்றில் இறங்கினர். பின்னர் கார்ஷால்டன் பகுதியில் திரவுட் தானாகவே குஞ்சு பொரித்தது. இன்றும் ஆபத்து நீங்கவில்லை; மழை பெய்தால் வீதியின் எண்ணெயும் அழுக்கும் ஆற்றையே நாடுகின்றன.

“அம்மா, நீங்கள் அந்த மீனைக் கண்டதுண்டா?” என்று மூதாட்டி ஒருவரைக் கேட்டோம்.

“எட்டு ஆண்டுகளாக வருகிறேன், மூன்று முறை கண்டேன்,” என்றார் அவர். சொல்லிவிட்டு, அடுத்த ரயரை இழுக்கக் கயிற்றைப் பற்றினார். நாமும் மறுமுனையைப் பிடித்தோம்.